விமானத்தின் மூன்றாவது கால்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஒற்றைத் தறியில் தொடங்கி முப்பது தறிவரை கொண்டுவந்தேன். மருதமுனையில் யாரையும் கேட்டுப் பாருங்கள். எந்தத் தறியில் நூல் அறுந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அந்தக் கண் எனக்கு ஏழு வயதிலேயே இருந்தது.

உலக யுத்தம் முடிந்திருந்த காலம். வாடைக்காற்று கடலடி மணலைப் புரட்டியதில், யுத்தத்தில் விழுந்த விமானமொன்று கரையோரம் தலைகாட்டியது. தண்ணீரிலேயே ஏறி இறங்கும் பழைய மாதிரி. சக்கரத்துக்குப் பதில் தோணி போல இரண்டு மிதவைகள். ஊரார் அவற்றைக் கால் என்றார்கள். தகரவேலை செய்த வாப்பாவும், அவர் தம்பி சாச்சாவும் கரைவலைக் கயிறு கட்டி இரண்டையும் இழுத்தெடுத்தார்கள். மூக்கில் உளியால் ஓட்டை போட, உள்ளே நின்ற கடல்நீர் வடிந்து லேசாகிவிட்டன. அந்தத் தகட்டில் வாப்பா அடித்த, மழைநீர் வடியும் கூரைப்பீலிகளுக்கு ஊரில் பெரிய அடிபிடி.

பிறகு, விமானத்தின் வயிற்றுக்கு நேர்கீழே சேற்றில் மூன்றாவது ஒன்று அகப்பட்டது. உருண்டு நீண்ட இரும்பு. இருபது பேர் இழுத்துத்தான் கரையேறியது.

“நடுக்கால் காக்கா. நல்லாத் தண்ணி குடிச்சிருக்கு” என்று அண்ணனிடம் சொன்னார் சாச்சா.

வாப்பா உளியை அதன் மூக்கில் வைத்தார். சோறு கொண்டுபோன நான் வால்பக்கம் போனேன். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பித்தளைக் காற்றாடிகள். அத்தனை ஆம்பிளைகள் நின்றும் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“வாப்பா, இதுக்குக் காத்தாடி கிடக்கு! மத்தக் காலுக்கு இல்லியே!”

“மறுகாத் தாறன். தள்ளிப் போ புள்ள.”

முதல் அடி விழுந்தது. முந்திய கால்களைப் போல அது கணீரென்று ஒலிக்கவில்லை. அரிசி மூட்டையில் அடித்த மாதிரி அடங்கிப்போனது. இரண்டாவது அடியில் இரும்பில் வெள்ளையாகக் கீறல் விழுந்தது. மறுகா என்று பிறகுக்கு விட்டால் சாச்சாவின் மக்கள் வந்துவிடுவார்கள், காற்றாடி போய்விடும். ஓடிப்போய் மூக்கின்மேலேயே, உளிக்குக் குறுக்கே குப்புறப் படுத்துக்கொண்டேன்.

“எழும்பு! அடி வாங்கப்போறாய்!”

“காத்தாடிய முதல்ல தாங்க!”

“குடுத்துத் தொலைங்க காக்கா, இவள் விடமாட்டாள்” என்று சாச்சா சிரித்தார். வாப்பா முணுமுணுத்துக்கொண்டே வாலுக்குப் போனார். காற்றாடியின் கழுத்தில் உளி இறங்க, மண்ணெண்ணெய் வாடையோடு எண்ணெய் கசிந்தது.

அப்போதுதான் திருகோணமலைத் துறைமுகத்தில் கூலிவேலை செய்து திரும்பியிருந்த அயல்வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். தூரத்திலேயே சைக்கிளைப் போட்டார். கிட்ட வரவில்லை.

“கை வைக்காதீங்க! அல்லாவுக்காக எல்லாரும் ஓடுங்க! கப்பலுக்கு அடிக்கிற குண்டு அது! மூக்குக்குள்ளதான் மருந்து!”

வாப்பா என்னை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினார். மறுநாள் பட்டாளத்தார் வந்து, ஊரைப் பெரிய ரோட்டுக்கு அப்பால் அனுப்பிவிட்டு அதை வெடிக்கவைத்தார்கள். எங்கள் கூரை ஓடு பாதி கொட்டுண்டது. பின்னேரம் வாப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். நேற்று நான் படுத்துக் கிடந்த இடத்தில், எங்கள் வீடே இறங்கிவிடும் அளவுக்கு ஒரு குழி.

வாப்பா அதன் விளிம்பில் குந்தி என்னை மடியில் இழுத்தார். அவர் தாடி நனைந்திருந்தது. காற்றாடி போன கவலை எனக்கே இவ்வளவு என்றால் வாப்பாவுக்கு எவ்வளவு இருக்கும் என்று எண்ணி, சட்டை நுனியால் அவர் கன்னத்தைத் துடைத்தேன்.

“அழாதீங்க வாப்பா. கடலுக்குள்ள இன்னொண்டு கிடக்கும். நாளைக்கு இழுப்பம்.”