மூத்தவளின் முறை

அக்கா எங்கள் வீட்டில் கால் வைத்த நேரத்தால்தான் நான் பிறந்தேன் என்று எங்கள் குடும்பம் நம்பியது. திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் அம்மாவுக்குக் குழந்தை இல்லை. அவர் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், பட்டணத்துச் சீனக் குடும்பம் ஒன்று தன் ஐந்தாவது பெண்குழந்தையை அவர் கையில் தந்தது. அப்படித் தருவதும் பெறுவதும் அந்நாளில் எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். அந்தப் பெருமையும் அக்காவுக்கே போய்ச் சேர்ந்தது.

“அவ கால் வச்ச நேரம்தான் நீ வந்த. அவ இல்லன்னா நீ ஏது?” என்பார் அம்மா.

“அப்ப என்னப் பெத்தது அவதானா?” என்று ஐந்து வயதில் கேட்டேன். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

அவித்த முட்டையைப் பங்கிட்டால் பெரிய பாதியை அக்கா என் தட்டில் வைப்பாள். தவறு என்னுடையதாக இருந்தாலும் அடி வாங்க அவளே முன்னால் போய் நிற்பாள். அடுத்த வீட்டு அத்தை என்னைப் பார்த்து, “சீனப்புள்ள எவ்வளவு பதவிசா இருக்கு பாரு. ஒனக்குப் பொறப்புலயே கோணல்” என்பார். நான் பெரிய பாதியைத் தின்றபடியே அவளை வெறுத்தேன்.

பிறகு நான் ஆசிரியையாகி, ஈப்போவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி கற்பித்தேன். பணிவு, நன்றியுணர்வு என ஒவ்வொரு பண்புக்கும் மனப்பாடம் செய்ய ஒரு விளக்கம் இருந்தது. ஒரு சொல் பிசகினாலும் புள்ளி குறையும். பொறாமை அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே குணத்தை நான் யாருக்கும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு, கன்பூசிய மரபின் தொடக்ககாலச் சிந்தனையை மொழிபெயர்ப்புகளில் வாசிக்கத் தொடங்கினேன். அக்காவுக்குச் சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கந்தோனீஸில் விலை சொல்லும் மீன்காரரிடம் தமிழ் கலந்த மலாயில் பேரம் பேசுகிறவள் அவள். அவளுடைய முன்னோரின் சிந்தனையை அவளுக்கு முன்பாக நான் எட்டிவிட வேண்டும் என்ற அற்ப ஆசையும் அந்த வாசிப்பில் இருந்தது.

அம்மரபில் வந்த சிந்தனையாளர் இருவரிடம் நான் நெடுநாள் தங்கினேன். மனித இயல்பிலேயே நன்மையின் முளைகள் இருக்கின்றன, பேணினால் அவை வளரும் என்றார் ஒருவர். அவருக்குப் பின் வந்தவரோ, மனிதன் தன்னலத்தோடும் பொறாமையோடுமே பிறக்கிறான் என்றார். கோணிய மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல், சடங்கும் முறைமையும் இடைவிடாத பயிற்சியும்தான் அவனை நிமிர்த்த வேண்டும். வாசித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். முதலாமவர் எழுதியது அக்காவைப் பற்றி. இரண்டாமவர் எழுதியது என்னைப் பற்றி.

கடைசி ஒன்பது ஆண்டுகளை அம்மா செமோரில் அக்கா வீட்டில் கழித்தார். என் வீட்டில் அவருக்கென ஓர் அறைக்குச் சாயம் பூசி வைத்திருந்தேன். வந்தால் இரண்டு நாள் இருப்பார். மூன்றாம் நாள் காலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, “பெரியவ தேடுவா” என்பார். ஒருமுறையாவது அவர் அக்கா வீட்டில் இருந்துகொண்டு என்னைத் தேட வேண்டும் என்பதைத் தவிர நான் அவரிடம் எதுவும் விரும்பியதில்லை. அது நடக்காமலே சென்ற ஆண்டு அவர் இறந்துபோனார்.

வாய்க்கரிசி போடும் நேரம். சடங்கு செய்ய வந்தவர் வெளியூர்க்காரர். அம்மாவின் தலைமாட்டில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, தெப்பி சிக்கிட்” என்று மலாயில் சற்று ஒதுங்கச் சொன்னார். பிறகு கூட்டத்தை நோக்கி, “பெத்த பொண்ணு மொதல்ல வாங்கம்மா” என்றார்.

அக்கா ஒதுங்கினாள். “சரிண்ணே. தங்கச்சி போடட்டும்” என்றாள், தோட்டத்துத் தமிழில்.

நான் அரிசியை அள்ளிக்கொண்டு இரண்டடி முன்னே வைத்தேன். அந்த இரண்டடியில் எனக்கு இருந்தது துக்கமல்ல, மகிழ்ச்சி. அதை எந்தச் சொல்லாலும் மறைக்க இயலாது. மூன்றாவது அடி வைக்குமுன் என் வாய் தானாகச் சொன்னது: “இவங்கதான் மூத்த பொண்ணு. மொதல்ல அவங்க போடணும்.”

“ஐயோ, மன்னிச்சிருங்கக்கா. மொகத்தப் பாத்து ஏமாந்துட்டேன்” என்று அவர் கைகூப்பினார்.

என் வாய் சொன்ன அந்தச் சொல் இரக்கத்தின் முளையிலிருந்து வரவில்லை. மூத்தவர்க்கு முதலிடம் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு அது. நெஞ்சு அதற்குப் பின்னால் வரவே இல்லை. அக்கா அரிசியிட்டு அழுதபோது, அவளுக்கு அழுகை அவ்வளவு எளிதாக வருவதையும் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து, அக்கா வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவினோம். அந்த இரண்டடியில் எனக்கு மகிழ்ச்சி வந்ததை அவளிடம் சொன்னேன்.

“தெரியும்லா. உன் மூஞ்சியப் பாத்தேன். தீபாவளிக்கு மொதப் பலகாரம் கெடச்ச மாதிரி இருந்துச்சு.”

“கோவம் இல்லையா?”

“எதுக்கு? எனக்கு உன்மேல இல்லாத பொறாமையா? உன் காலு அச்சு அசல் அம்மா காலு. நான் கண்ணாடியில யாரத் தேடுறது?” சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “சின்னதுல, நல்ல புள்ளயா இல்லன்னா திருப்பிக் கொடுத்துருவாங்கன்னு பயம். அதான் எல்லாத்துக்கும் முன்னால போய் நின்னேன். அப்பறம் அதுவே பழகிப்போச்சு.”

முதலாமவருக்கு அக்கா, இரண்டாமவருக்கு நான் என்று வகுத்து வைத்திருந்தது குலைந்தது. அவளிடம் நான் கண்ட இயல்பு, ஒரு குழந்தை அச்சத்தில் தொடங்கி அறுபது ஆண்டுகள் விடாமல் செய்த பயிற்சி. அதன் அருகில் நான் வைக்காமல் விட்ட மூன்றாவது அடி மிகச் சிறியது. அந்த உழைப்பின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. ஆனால் அது அவளை விட்டு விலகச் சொல்லவில்லை. அவள் நீட்டிய தட்டை வாங்கித் துடைத்தேன்.

அம்மா இல்லை. பெரியவள் செமோரில் இருக்கிறாள். சின்னவள் நான் ஈப்போவில் இருக்கிறேன். இனி ஒருவரையொருவர் தேட நாங்கள்தான்.