மயிலைத் திருப்பவா?

எண் கேட்ட இடத்தில் எண்தான் வந்திருக்கிறதா, ஆமா-இல்லை கேட்ட இடத்தில் அதுதான் வந்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது என் தொழில், சோறு போடுகிறது, ஆனால் உறவினர் யாராவது "இன்னாம்மா வேல பாக்குற?" என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். தறியின் தலைமேல் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த இழை எழும்ப வேண்டும் என்று அந்த ஓட்டைகள்தான் சொல்லும். அட்டைகளுக்குப் பதிலாக ஒரு சின்ன மின்பெட்டியை வைத்து அதே வேலையைச் செய்ய வைக்கிறோம். மிதிப்பதும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிவதும் மனிதர்தான். டிசைனை நினைவில் வைத்துக்கொள்வது மட்டும் பெட்டி. அதற்குள் சி என்ற கணினி மொழியில் எழுதிய லைப்ரரி, அதாவது நிரல்களின் தொகுப்பு, ஒன்று ஓடுகிறது. பார்டர் அகலம் எவ்வளவு, டிசைன் பெயர் என்ன, படத்தைத் திருப்ப வேண்டுமா என்று அதற்கு ஏகப்பட்ட ஆப்ஷன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு: எண், எழுத்து, ஆமா-இல்லை என்று. இந்த ஆப்ஷன்கள் என் பொறுப்பு. ஆன்லைனில் ஏதாவது விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுச் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தச் சிவப்பு எழுத்தை எழுதும் பாவிகளில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கத்துக் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

காணாமல் போன பார்டர்

பிள்ளையார்பாளையத்தில் தன் தெருவிலேயே முதலில் எங்கள் பெட்டியை வைத்துக்கொண்டவர் குமுதா அக்கா. அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அக்கா, பக்கத்துத் தறியில் அவருடைய கொழுந்தன் மணி அண்ணன், அட்டைகளோடு. அக்காவின் தங்கை கீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் புடவையைத் தன் கையால் நெய்ய வேண்டும் என்பது அக்காவின் ஆசை. "நெய்யறது எல்லாம் கடைக்குத்தான் போவுது. இது ஒண்ணாவது எங்க வூட்டு மணையில உக்காரட்டும்" என்றார். பார்டரில் மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போக வேண்டும். ஒரே ஒரு புடவைக்காகப் புது அட்டை வெட்டுவது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் பெட்டி. அது சொதப்பினால் பழையபடி அட்டையைக் கட்டிவிட்டு, கீதாவுக்குக் கடையில் புடவை எடுப்பது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

முதலில் சோதனைக்கு ஒரு துண்டு நெய்தார். பார்டர் அகலம் கேட்ட இடத்தில் அக்கா "நாலு" என்று எழுத்தில் எழுதியிருந்தார். யாரும் அப்படித்தானே எழுதுவார்கள்? ஆனால் எழுத்தை எண்ணாக்க நாங்கள் பயன்படுத்திய பழைய வழி ஒன்று சி-யில் உண்டு. எண் அல்லாத எதைக் கொடுத்தாலும் அது சத்தமில்லாமல் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். துண்டில் பார்டர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வந்தது. மணி அண்ணன் தன் தறியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "அண்ணி, பெட்டி பார்டரை அது வூட்டுக்கு எடுத்துக்கினு பூட்ச்சு போல."

சிவப்பு எழுத்து

அதற்குப் பிறகு கண்டிப்பு காட்டினேன். எண் கேட்ட இடத்தில் எண்ணைத் தவிர வேறு எது வந்தாலும், "தவறான மதிப்பு" என்று திரையில் சிவப்பாக வரும்படி எழுதினேன். குமுதா அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், மணி அண்ணன் யாருக்கும் தெரியாமல் பெட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். "4 இன்ச்" என்று அழுத்தியிருக்கிறார். சிவப்பு வந்தது. மறுபடி "4 இன்ச்". மறுபடியும் சிவப்பு. பெட்டிகளைப் பொருத்தப் போகும் எங்கள் தினேஷிடம், "அப்பா திட்டிக்கிறாரு, மேஸ்திரி திட்டிக்கிறாரு. தறி என்னப் பாத்துத் தப்புன்னு சொன்னது இதான் மொத தடவ" என்றாராம்.

அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் எழுதியது தப்பே இல்லை. நான் கேட்ட விதம்தான் சரியில்லை. சிவப்பை எடுத்துவிட்டு, "எண் மட்டும் போதும். 4 என்று எழுதுங்கள், இன்ச் என்று நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று மாற்றினேன். அடுத்த முறை தினேஷ் போனபோது மணி அண்ணன் அதை நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னது: "இப்பத்தான் இதுக்கு மனுசங்க கிட்ட பேசத் தெரியுது."

சந்தேகம் வந்தது

தினேஷ் மென்பொருளிலும் கை வைப்பான். என் நாற்காலியை ஒட்டித்தான் அவன் நாற்காலி; இருந்தாலும் அவன் எழுதியதில் தப்பு இருந்தால் நான் மெசேஜில்தான் சொல்வேன். நேரே சொல்ல வாய் வராது. டிசைன் பெயர் என்பது எழுத்து வகை. அதை அவன் அவசரத்தில் எண்ணாக எடுத்து, இழைகளைத் தூக்கும் கொக்கிகளின் எண்ணிக்கை என்று திரையில் காட்டிவிட்டான். சி இதையெல்லாம் தட்டிக் கேட்காது. பெயர் நினைவகத்தில் எந்த இடத்தில் கிடக்கிறதோ, அந்த இடத்தின் முகவரியையே எண்ணாக்கிக் கையில் கொடுத்துவிடும். சோதனைக்காக அலுவலகத்தில் வைத்திருந்த பெட்டியின் திரையில், காஞ்சிபுரத்துத் தறிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் வராத அளவுக்குக் கொக்கிகள் இருந்தன.

எழுத்து வகையை எவராவது எண்ணாகக் கேட்டால் உடனே மறுக்கும்படி லைப்ரரியைத் திருத்தினேன். பிறகு அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன்: "இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வரவில்லையா?" அவன் நாற்காலியைத் திருப்பி, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னான். "வந்துச்சே. பெரிய தறியா இருக்கும்னு விட்டுட்டேன்பா."

முதுகு காட்டிய மயில்

கீதாவின் புடவையை நல்ல நாள் பார்த்து, தறிக்குச் சூடம் காட்டி ஆரம்பித்தார்கள். முதல் மயில் அலகில் தொடங்கி வாலில் முடிந்தது. இரண்டாவது மயில் வாலில் தொடங்கியது. சரிகை வேலைப்பாட்டில் முதலில் தெரியவில்லை. வால் முழுசாக வந்த பிறகுதான் அக்கா கவனித்தார். ஊர்வலம் போக வேண்டிய மயில்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. முகூர்த்தப் புடவையில்.

தினேஷ் வண்டியில் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பெட்டியைப் பார்த்தேன். "ஒன்று விட்டு ஒரு மயிலைத் திருப்பவா?" என்ற ஆப்ஷனுக்குப் பதிலே இல்லை. நிறைய பேர் ஜோடி மயில்தான் கேட்பார்கள் என்பதால், பதில் வராவிட்டால் "ஆமா" என்று லைப்ரரி தானே எடுத்துக்கொள்ளும். அக்கா எதையும் அழுத்தாமல் "அடுத்து" என்று போயிருக்கிறார். "துண்டு நெய்யும்போது 'இல்லை'ன்னு சரியா அழுத்தினீங்களே அக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. இதுகூடத் தெரியாமல் வளர்ந்திருக்கிறாளே என்ற இரக்கம்தான் இருந்தது. நானே அழுத்திவிடுகிறேன் என்று விரலை நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அது துண்டும்மா. இது முகூர்த்தப் பொடவ. ஆரம்பிக்கச்சொல்ல யாரு அழுத்துனா இன்னா, என் தங்கச்சி பொடவைக்கு 'இல்ல'ன்னு ஒரு வார்த்த விழலாமா?"

ஒரு தரம் தாங்கும்

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அரிசி தீர்ந்தால் அம்மா "நிறைஞ்சிருக்குது" என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டே வளர்ந்த நான், நல்ல காரியத்தின் வாசலில் "இல்லை" என்று ஒரு பொத்தானை வைத்திருந்தேன்.

நெய்ததைப் பிரித்தே ஆக வேண்டும். மணி அண்ணன் இப்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தன் தறியிலிருந்து எழுந்து வந்து அக்காவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். இரண்டு பேரும் குறுக்கே ஓடும் ஊடையை ஒவ்வொரு இழையாக உருவினார்கள். சரிகை வரும் இடத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உருவி முடித்ததும், நீளவாக்கில் நின்ற பாவு இழைகளின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒரு தரம் பிரிச்சா பட்டு தாங்கும்மா. இன்னொரு தரம்னா பாவு நைஞ்சிடும். அப்புறம் நான் அட்டைய கட்டிடுவேன், அண்ணி அழுதாலும் சரி."

எல்லாருக்கும் ஓகேதானே?

மறுநாள் காலை அலுவலகத்தில் முதலாளி சார் எங்களை உட்கார வைத்தார். நல்ல மனிதர், வேகமானவர். அவர் சொன்ன தீர்வு எளிது. யாரும் "இல்லை" அழுத்த மாட்டார்கள் என்றால், பதில் வராதபோது "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளட்டும். சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிவிடலாம். "எல்லாருக்கும் ஓகேதானே?" என்று சுற்றிப் பார்த்தார். தினேஷ் தலையாட்டினான். நான் வழக்கம்போல மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, அப்ப ஆரம்பிங்க" என்று சார் எழுந்தார்.

மேஜையின் மேல் ஓர் இழை பட்டு கிடந்தது. நேற்று என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஊரில் எத்தனை வீட்டுத் தறியில் ஜோடி மயில் பாதியில் நிற்கிறதோ? ஒன்றும் அழுத்தாமல் "ஆமா"வில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிகள் எல்லாம் இன்று சாயங்காலம் பாதிப் புடவையில் மயிலைத் திருப்பாமல் விட்டுவிடும். அந்த வீடுகளிலும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பிரிப்பார்கள். குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "சார், நான் இன்னும் பதில் சொல்லல."

மூன்றாவது நிலை

நின்றுகொண்டே சொன்னேன். ஆமா ஒன்று, இல்லை ஒன்று. இன்னும் பதில் வரவில்லை என்பது மூன்றாவது. அதை நாம் இரண்டில் ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் வராவிட்டால் பெட்டி ஓர் இழையைக்கூடத் தூக்காமல் காத்திருக்கட்டும். அப்புறம், இந்தக் கேள்விக்கு ஆமா-இல்லை வகையே வேண்டாம். இரண்டு படங்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்போம்: ஊர்வலம் போகும் மயில், முகம் பார்க்கும் மயில். யாரும் எதையும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே நெய்துகொண்டிருக்கும் பெட்டிகள் புடவை முடியும் வரை பழைய ஆப்ஷனிலேயே ஓடட்டும்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல் காத்திருந்தேன். கடைசியில் "பண்ணும்மா. குமுதா அம்மாகிட்ட ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு" என்றார். தினேஷ் தன் நாற்காலியிலிருந்து எனக்கு மெசேஜ் அனுப்பினான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவன் சத்தம் போடாமல் சொன்ன வார்த்தை அதுதான்: "பெரிய தறிபா நீ."

அலகு

மாற்றிய லைப்ரரியைப் பெட்டியில் ஏற்றிய அன்று குமுதா அக்கா இரண்டு படங்களையும் பார்த்தார். ஊர்வல மயிலின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் மயில் அலகில் தொடங்கி வாலில் முடிந்தது. அதன் பிறகு கொஞ்சம் வெற்றிடம். இரண்டாவது மயில் வாலில் தொடங்கினால் கதை முடிந்தது. பக்கத்துத் தறியின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. தினேஷ் சுவரில் ஒட்டியிருந்தான். சரிகையில் ஒரு புள்ளி எழும்பியது; பிறகு கூர்மையாக இன்னொன்று. அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மணி அண்ணன்தான் குனிந்து பார்த்தார். "அலகுதான் அண்ணி. வாயில கைய வெச்சிக்கினு இன்னா உக்காந்துக்கினு இருக்குற, மிதி."

எங்கே எடுத்தது?

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கீதா மணையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மயில்கள் முன்னால் போவதைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தன. பிரித்த இடம் எது என்று தேடினேன். எனக்குத் தெரியவில்லை, மணி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் புடவையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் எடுத்தீர்கள் என்று விசாரித்தார். குமுதா அக்கா அன்றைக்கும் "இல்லை" என்ற சொல்லைத் தொடவில்லை. "எங்க கூடத்துல எடுத்தது."

ஆக, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க ஒரு பெட்டிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். பந்தியில் பரிமாறுகிறவருக்கு மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை, நான் வாயைத் திறப்பதற்குள் என் இலையில் மூன்றாவது இட்லி விழுந்திருந்தது.