பின்னாலை வந்தவர்

எங்கள் ஊரில் வெளியே புறப்பட்டவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராதாம். "துலைக்கோ?" என்றுதான் கேட்பார்கள். தூரப் பயணமோ என்று அர்த்தம். "ஓம், உதிலை ஒருக்கால்" என்று, இங்கே பக்கத்தில்தான் என்பதுபோலச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். எங்கே, ஏன், எப்போது திரும்புவது என்று ஒரு மண்ணும் சொல்லத் தேவையில்லை. தவறணைக்குக் கள்ளுக் குடிக்கப் போகிறவருக்குக்கூட இந்த மரியாதை கிடைத்தது. எனக்கு இருபத்துமூன்று வயதாகியும் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு எப்போதும் ஒரே கேள்விதான், யாரோடு போகிறாய் என்று: "ஆரோடை?"

அறுபதுகளின் நடுப்பகுதியில், நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் போய் நிற்கவேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இணுவிலிலிருந்து பட்டணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து நெல்லியடிக்கு இன்னொன்று. இந்தப் பயணத்துக்கு அண்ணை துணைக்கு வருவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவெடுத்தவர்கள் என்னைக் கேட்கவில்லை. திங்கள் விடிய அண்ணை பாயிலிருந்து எழும்பாமலே, "இண்டைக்கு எனக்கு ஏலாது, நாளைக்குப் பாப்பம்" என்றார். முதல்நாள் கோயிலில் மேளக்கச்சேரி கேட்ட களைப்பாம். அவருடைய நித்திரைக்கு என்னுடைய வேலையைக் கொடுக்க வேண்டுமாம்.

"நான் தனியப் போறன்" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "உனக்கென்ன விசரே? சனம் என்ன கதைக்கும்?"

நான் படலையைத் திறந்ததும் அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "எங்கை பிள்ளை தனியப் போறாய்?"

அம்மா தலையில் கையை வைத்தார். "ஐயோ, எங்கை எண்டு கேட்டாச்சு. இனிப் போற காரியம் சரிவராது. உள்ளுக்கை வா, நாளைக்குப் போகலாம்."

எங்கள் ஐயா வெளிக்கிடும்போது அந்த மாமி வாய்தவறியும் 'எங்கை' என்று கேட்டதில்லை. என்னிடம் கேட்கலாம். கேட்டவருக்கு ஒன்றுமில்லை, தண்டனை எனக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பட்டணத்தில் ஏறிய பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. "ஒரு ரிக்கற்றோ? கூட வந்த ஆள் எங்கை?" என்றார் கொண்டக்டர். "ஒண்டுதான்" என்றேன். நாலைந்து தலைகள் திரும்பின. திரும்பட்டும். வல்லை வெளிக்கு வந்தபோது காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. இரண்டு பக்கமும் வீடில்லை, வேலியில்லை, வேலிக்கு மேலால் நீளும் தலையுமில்லை. அந்தச் சுகத்தை எனக்கு ஐந்து நிமிஷம்கூட விட்டுவைக்கவில்லை.

"பிள்ளை, நீ எங்கடை ஒழுங்கையெல்லே? ஆரோடை வந்தனீ?"

எங்கள் ஒழுங்கையின் முதல் வீட்டுக்காரர், வேலையிலிருந்து இளைப்பாறிய கிளாக்கர். பின் சீற்றிலிருந்து எழும்பி வந்திருந்தார்.

"தனிய, மாமா."

இழவு வீட்டுச் செய்தி கேட்டவர்போல அவர் முகம் மாறியது. "பயப்பிடாதை, நான் இருக்கிறன்."

நான் எங்கே பயந்தேன்? பருத்தித்துறைக்கு ரிக்கற் எடுத்திருந்த மனிதர் நெல்லியடியில் என்னோடு இறங்கினார். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். குடையை ஊன்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்த வழியை எனக்கே காட்டினார். அதிபரின் அறைக்குள்ளும் அவர்தான் முதலில் நுழைந்தார்.

"பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அதிபர் எழுந்து அவருக்குக் கதிரை கொடுத்தார். நான் நின்றேன். "நல்லது. பெரியாக்களோடை வாறதுதான் முறை. தனியத் திரியிற பொம்பிளைப் பிள்ளையளை எடுத்தால் பிறகு எங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார், என்னைப் பார்க்காமல், கிளாக்கரைப் பார்த்து.

வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலை நிச்சயம். ஆனால் நாளைக்கும் மறுநாளைக்கும் யாரைப் பிடித்துக்கொண்டு வருவது?

"சேர், நான் தனியத்தான் வந்தனான். உவர் என்னை பஸ்ஸிலை கண்டுபோட்டுப் பின்னாலை வந்தவர். நாளைக்கும் நான் தனியத்தான் வருவன். படிப்பிக்கிறது சரியில்லை எண்டால் நிப்பாட்டுங்கோ."

'பின்னாலை வந்தவர்' என்ற சொல் கிளாக்கருக்கு நன்றாகச் சுட்டுவிட்டது. பெண்களுக்குப் பின்னால் வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அதிபர் என்னை எட்டாம் வகுப்புக்குப் போகச் சொன்னார்.

பின்னேரம் நான் வீட்டுக்கு வருமுன் கதை வந்து சேர்ந்துவிட்டது. அண்ணை முற்றத்தில் நின்று துள்ளினார். "அந்த மனிசனைப் பின்னாலை வந்தவர் எண்டு சொன்னனியாம். இனி நான் அவற்றை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"விடிய முழிச்சிருந்தால் உது ஒண்டும் வந்திராது" என்றேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா சோற்றைப் போட்டுத் தந்துவிட்டுக் கிட்ட இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்லக் கேட்டார்: "நெல்லியடிச் சந்தியிலை இருந்து கரவெட்டிக்குப் போற றோட்டு இப்பவும் அப்பிடியே கிடக்குதோ?"

கரவெட்டி அம்மா பிறந்து வளர்ந்த ஊர். சந்தியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஐயாவுக்கு நேரமில்லை, அண்ணைக்கு நேரமில்லை என்று, அம்மா அங்கே போய் வருஷக்கணக்காகிவிட்டது. அவருடைய தங்கச்சியின் கடைசிப் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. அதன் முகத்தை அம்மா இன்னும் காணவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். ஐயாமேல் கோபம், அண்ணைமேல் கோபம், இத்தனை காலம் கேட்காமல் இருந்த அம்மாமேலும் கோபம்.

"நாளைக்கு என்னோடை வாங்கோ. சந்தியிலை இறக்கிவிடுறன்" என்றேன்.

அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு வாடிவிட்டது.

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவாய்" என்றார். "சந்தியிலை இருந்து எங்கடை கரவெட்டி வீட்டுக்கு என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"