ஐந்து பேரும் ஒரே பக்கம்

நாட்டில் தேயிலைத் தோட்டத்து ஆட்களான எங்களுக்கு ஓட்டு இல்லாமல் போய் ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப முடியாவிட்டால் என்ன, தொழிற்சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோமே என்று தோட்டத்தில் பீற்றிக்கொள்வோம். எதையாவது பீற்றிக்கொள்ளாமல் தினமும் எப்படி மலை ஏறுவது?

அந்த முறை தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஹட்டனில் கூடும் மாநாட்டில் பேராளர்கள்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் தோட்டத்துக்கு ஐந்து பேராளர்கள். அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்களாக இருக்க வேண்டும் என்பதை அங்கத்தினர்கள் நாங்கள் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு அந்த இரண்டு தலைவர்களையும் தெரியாது. என் அண்ணனைத் தெரியும். கொழுந்துச் சாக்குத் தூக்குகிற வேலை அவருக்கு. ஒருநாள் இடி விழுந்து மலையே அதிர்ந்தபோது, மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளையைக் கேட்காமல், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்துப் பெண்களைக் கீழே இறக்கிக் கூட்டிவந்தார். கீழ்ப்படியவில்லை என்று தோட்டத்துத் துரை அவரை வேலையிலிருந்து நீக்கிப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும். மாசக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும், கைக்குழந்தையோடு.

போட்டியிட்டவர்களில் ஒருவர், லயத்தைவிட்டு விரட்டினால் வேலைநிறுத்தம்தான் என்று மேடைக்கு மேடை சொன்னவர். மற்றவர் துரைமாரோடு பேசித் தீர்க்கலாம் என்பவர். பேசி எதுவும் தீர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முதலாமவர் பக்கத்து ஆட்கள் எங்கள் பேராளர்களாகப் போனால், அண்ணன் விஷயத்தை மாநாட்டில் எழுப்புவார்கள். எங்களுக்கு இருந்த ஒரே வழி அது. கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அண்ணன் வாசலுக்கே வந்து, "ஒங்களுக்கு நாங்க நிக்காம வேற யாருண்ணே நிப்பா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெட்டி வைத்துச் சீட்டுப் போடலாம் என்றுதான் மாவட்டக் காரியாலயத்தில் முதலில் சொன்னார்களாம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குங்க தெரியும்? ஆள வரிசையா நிறுத்தி எண்ணுங்க. கண்ணுக்கு முன்னால யாரும் ஏமாத்த முடியாது" என்றார். அவர் சொன்னபடியே ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் தப்பு அடித்துக் கூப்பிட்டார்கள். தினமும் விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் நிற்கிற இடம் அது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கொடி நட்டிருந்தார்கள். பேசித் தீர்க்கிறவரின் கொடியை எங்கள் கூட்டத்தை வேலை வாங்கும் கங்காணி தினமும் நிற்கிற இடத்தில் நட்டிருந்தார்கள். கங்காணி அதன் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வேண்டுமென்றே செய்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தப்புச் சத்தம் கேட்டதும் எங்கள் கூட்டத்துப் பெண்கள் விறுவிறுவென்று வந்தார்கள். முதலில் வந்தவள் கங்காணிக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். நானும் போய் என் இடத்தில், ஒன்பதாவதாக நின்றேன். யாரும் எங்களை மிரட்டவில்லை. தினமும் நிற்கிற இடத்தில் நின்றோம், அவ்வளவுதான்.

விசில் ஊதினார்கள்.

அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். வேலை போனதால் அங்கத்துவமும் போய், வரிசையில் நிற்க முடியாமல் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் தனியாக நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கொடியின் பக்கம் போகக் காலை எடுத்து வைத்தேன். எண்ணிக்கொண்டு வந்த சங்கத்துக்காரர், "விசில் ஊதியாச்சும்மா, அசையாதீங்க" என்றார்.

நான் அசையவில்லை. ஓடியிருக்கலாம். அவர் என்ன செய்திருப்பார், சுட்டா போட்டிருப்பார்? நில் என்று ஒருவர் சொன்னார், நான் நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பதினேழு பேர் வித்தியாசத்தில் தோற்றோம். எங்கள் கூட்டத்தில் மட்டும் இருபத்திரண்டு பெண்கள். அப்போதும் அண்ணன் நம்பிக்கையை விடவில்லை. "ஏறக்கொறைய பாதிப்பேரு நம்ம பக்கங்க. அஞ்சுல ரெண்டு பேராளராவது நமக்குத் தரணுமில்ல?" என்று சங்கத்துக்காரரிடம் கேட்டார்.

"அப்படிப் பங்கு பிரிக்கிற வழக்கம் இல்லங்க. எந்த வரிசை நீளமோ அஞ்சு பேரும் அந்தப் பக்கந்தான்" என்றார் அவர், கொடியைச் சுருட்டிக்கொண்டே.

மாநாட்டில் அண்ணனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டிக்கோயா, பூண்டுலோயா என்று வேலை தேடி அலைந்து பார்த்தார். பத்துச்சீட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எந்தத் தோட்டத்திலும் சேர்க்கவில்லை. கடைசியில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். போகிற நாளில்கூட அந்த வரிசையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணி அன்றைக்குக் களத்துக்கு வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று காம்பிராவில் இருந்துவிட்டாள். நடந்ததை அண்ணன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பல வருஷம் கழித்து, அண்ணன் செத்துப்போன செய்தியோடு அவளிடமிருந்து கடிதம் வந்தது. யாரிடமோ சொல்லி எழுதுவித்திருந்தாள்.

"தங்கச்சி, அந்தத் தோட்டமே எதிர்த்து நின்னப்போ, நீ ஒருத்திதான் கூட்டத்த விட்டு வெளிய வந்து எங்க வரிசையில நின்னியாம். சாகுற வரைக்கும் ஒங்க அண்ணன் எல்லார்கிட்டயும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.