கட்டைவிரலுக்கு ஒரு போன்

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துபவரை ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். புருவத்தில்கூட களிமண் தூசி. யாராவது வெறும் கட்டைவிரல் படம் போட்டால் உடனே அவரிடமிருந்து போன் வரும்: "என்னா புரிஞ்சுதுன்னு ரெண்டு வரி எழுதுங்க."

என் கப்புகள் சூளையில் விரிசல் விட்ட அந்த ஒருமுறைதான் பட்டறைக்கே வந்தார்.

"காயறப்ப ஃபேன் போட்டீங்களா?"

"போட்டேங்க."

"அதான், ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காஞ்சிருக்குது. இத நீங்களே குரூப்புல எழுதுங்க."

என் தப்பை ஊரே படிக்கணுமா? எழுதவில்லை. குரூப்பை விட்டு விலகவும் வழியில்லை. ஆர்டரெல்லாம் அதில்தான் வருகிறது.

நேற்று ஒரு பெண் விரிசல் விட்ட கப்புகளைப் படமெடுத்துப் போட்டு, "எதனாலங்க?" என்று கேட்டிருந்தார். பதில் தெரிந்தும் குரூப் நடத்துபவர் எழுதவில்லை. எனக்குப் போனும் செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை.