ஒன்பது என்று பெயர் வைக்கப்பட்ட ஐந்தாம் டிரம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுற்றும் மர டிரம்கள் எங்களிடம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஆளை விட உயரம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு சின்ன போர்டு வந்தது. அதில் மைக்ரோ கன்ட்ரோலர் என்று நகத்தளவு சில்லு. பன்னிரண்டு போர்டையும் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சேர்த்தது முறுக்கிய இரண்டே கம்பி.

"மேடம், இத்தன டிரம்முக்கும் ரெண்டு கம்பிதானா?" என்று போர்டு மாட்ட வந்த இன்ஜினியர் அம்மாவைக் கேட்டேன்.

"ரெண்டே போதும்ணா. கம்ப்யூட்டர் நம்பர் சொல்லிக் கூப்பிடும். எல்லா போர்டும் கேக்கும். அந்த நம்பர் உள்ளது மட்டும் பதில் சொல்லும். மத்தது வாயத் தொறக்காது."

"ஒண்ணு பேசும்போது இன்னொண்ணு குறுக்க பேசாதா?"

"பேசாது. உங்க யூனியன் மீட்டிங் இல்லண்ணா இது."

எட்டாவது வரை படித்தவன் நான். உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி ஒன்றை யோசிக்கும் மூளையை மனுஷனுக்குக் கொடுத்த கர்த்தருக்கு அங்கேயே மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். போர்டின் மூலையில் வரிசையாக இருந்த குட்டி சுவிட்சுகளைத் தள்ளி நம்பர் வைப்பது என் வேலையானது.

டிரம்மைக் காலி செய்ய ஆள் உள்ளே இறங்கித் தோலை இழுத்துப் போட வேண்டும். அந்த வேலை செய்யும் மாணிக்கம் அண்ணன் இறங்குமுன், மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்டார்ட்டரின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"இனிமே அது இன்னாத்துக்குண்ணே? கம்ப்யூட்டர்ல லாக் பண்ணிட்டா டிரம் அசையாது" என்றேன்.

"உன் கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியுமா தம்பி? தெரிஞ்சா சொல்லு, விட்டுடறேன்" என்று சிரித்தார். பழக்கத்தை விடவில்லை.

ஒரு நாள் காலை ஐந்தாம் டிரம்மின் போர்டு செத்துப்போனது. ஸ்பேர் போர்டை எடுத்து மாட்டினேன். முந்தின வாரம் அதை ஒன்பதாம் டிரம்மில் போட்டுப் பார்த்திருந்தேன். அப்போது வைத்த ஒன்பதை ஐந்தாக மாற்ற மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஐந்தை லாக் செய்தாயிற்று, டெஸ்ட் பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். மாணிக்கம் அண்ணன் உள்ளே இறங்கினார்.

நான் போர்டு இருக்கும் பெட்டியின் மூடிக்கு ஸ்க்ரூ போடப் போனேன். ஆபீஸிலிருந்து மேனேஜர் பாய் ஒன்பதாம் டிரம்மை ஸ்டார்ட் செய்தார். தூரத்தில் ஒன்பது சுற்றியது. என் கண்ணுக்கு முன்னால் ஐந்தாம் போர்டும் 'டிக்' என்றது. ஓடச் சொல்லும் விளக்கு எரிந்தது.

டிரம் அசையவில்லை. ஸ்டார்ட்டரில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"அண்ணே! வெளிய வாங்க!"

"இன்னா தம்பி, டீ வந்துடுச்சா?"

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் போனதும் பாய் ஓடி வந்தார்.

"லைன்ல கோளாறா? பேஜாரு புடிச்ச சாமான்! கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லட்டா?"

'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி கம்பி மேல் போயிருக்கும். வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள். வேலை போனால் என்ன செய்வேன் என்ற பயம். ஆனால் மற்ற போர்டுகள் பாய் கூப்பிட்டபோது வாய் திறக்காமல் நின்றதை நினைத்தேன். சொன்னதைத் துளி பிசகாமல் செய்த ஒன்றின் மேல் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"லைன் சரியாத்தான் இருக்கு பாய். ஒன்பதுன்னு கூப்டீங்க. ஒன்பதுன்னு நான் நம்பர் வச்ச ரெண்டும் எழுந்துச்சு. தப்பு என்னுது."

பாய் என்னையே பார்த்தார். "என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? உள்ள இருந்தவருகிட்ட சொல்லு."

சொன்னேன். மாணிக்கம் அண்ணன் ஈரத்தோல் குவியல் மேல் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்த ஃபியூஸை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப மிஷின் தப்பு பண்ணல?"

"இல்லண்ணே."

"எழுந்திரு. எல்லாத்தையும் கூப்டு. நான் நின்னு பாக்கறேன்."

எல்லா ஸ்டார்ட்டர் ஃபியூஸையும் கழற்றினோம். குட்டி சுவிட்சுகளை ஐந்துக்குத் தள்ளி, மெயினைப் போட்டுவிட்டு ஆபீஸிலிருந்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். அவர் டிரம் டிரம்மாக நடந்தார். "ஒண்ணு எரியுது!" "ரெண்டு எரியுது!" ஐந்தைக் கூப்பிட்டேன். "அஞ்சு எரியுது! ஒன்பது எரியல!" என்று ஷெட் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

இந்த வேலைக்கு வரும் தம்பிமார்களே, போர்டு மாற்றினால் மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றி வைத்து, அதன் நம்பரைத் தனியாகக் கூப்பிட்டு, எது எழுகிறது என்று கிட்டே நின்று பாருங்கள். அதற்குப் பிறகு மூடியைப் போடுங்கள்.

பன்னிரண்டும் முடிந்ததும் அவர் ஐந்தாம் டிரம்முக்குள் மறுபடி இறங்கினார். அவர் வெளியே வரும்வரை நான் அதன் வாயருகிலேயே நின்றேன்.