பவளக் கடற்கரைக்கு நாலு சீட்டு

வெயிலடிக்கும் கடற்கரை எதையும் அதன் சொந்தப் பெயரைச் சொல்லி விற்க முடியாது. ஸ்பெயினில் இருப்பது சூரியக் கடற்கரை, பிரான்சில் நீலக் கடற்கரை, ஆஸ்திரேலியாவில் தங்கக் கடற்கரை, ஃபிஜியில் பவளக் கடற்கரை. ஆக்லாந்துக்கு வடக்கே கொஞ்சம் மணலும் நிறைய வீடுகளும் கிடக்கின்றன. அதற்கும் செம்பருத்திக் கடற்கரை என்று பேர் சூட்டிவிட்டார்கள். நகர மையத்தில் ஒரு பயண ஏஜென்சியில் உட்கார்ந்து ஆறு வருடமாக இந்தப் பட்டப்பெயர்களைத்தான் விற்கிறேன். செம்பருத்தியைத் தவிர ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தைப் பற்றி வாய் கூசாமல் அள்ளிவிட எனக்கு நன்றாக வரும்.

பக்கத்து மேஜையில் இருந்தவள் பவளக் கடற்கரையிலேயே பிறந்தவள். ஃபிஜி இந்தியப் பெண். அவளுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். தமிழ் அவளுக்கு நாலைந்து சொற்கள்தான் மிச்சம், அதனால் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வோம். ஆக்லாந்தின் தெற்குப் புறநகரான பாபகூராவிலிருந்து ரயிலில் வருவாள். அவள் அப்பா பவளக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் முப்பது வருடம் படுக்கை விரிப்பு துவைத்தவர். “அந்தப் பேரை எங்க வீட்ல யாரும் சொன்னதே இல்லை. இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் எங்க ஊருக்கு அப்படி ஒரு பேர் இருக்குன்னு நினைச்சுப் பார்த்தேன்,” என்று ஒருமுறை சொன்னாள். அவள் விற்கும்போதும் அந்தப் பேரைத்தான் சொல்லியாக வேண்டும். சொல்லுவாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

ஜூலை பள்ளி விடுமுறை என்றால் எங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். இங்கே அது குளிர்காலம், வெளியே மழை கொட்டும். ஊரே வெயிலைத் தேடிப் போனைச் சுழற்றும். அப்படியொரு வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் ஃபிஜியிலிருந்து கூப்பிட்டான். அப்பாவுக்கு முடியவில்லை, டாக்டர் கையை விரித்துவிட்டார், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே வா என்றான்.

மறுநாள் காலை நேர் விமானம் ஒன்று இருந்தது. நிரம்பி வழிந்தது. அவள் எழுந்து நின்று ஒவ்வொரு மேஜையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். “நாளைக்கு ஃபிஜிக்கு யாராவது சீட்டு பிடிச்சு வெச்சிருக்கீங்களா? ஒண்ணு போதும்.” என் மேஜைக்கு வந்தபோதும் அதையே கேட்டாள்.

என்னிடம் நாலு இருந்தன.

அவை நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரருக்கு. ஆக்லாந்தின் மேற்குப் பக்கம், கிளென் ஈடனில் அவர் வீட்டின் பின்பக்கம்தான் நானும் மனைவியும் குடியிருந்தோம். தமிழர் கூட்டம் எதுவானாலும் முன்வரிசையில் உட்காருகிற ஆள். அவர் எதையும் உறுதியாகச் சொன்னதாக நினைவில்லை. முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்: “தம்பி, நாலு சீட்டு பிடிச்சு வைங்க. வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன். விட்டுடாதீங்க, என்ன?” இந்த ‘பிடிச்சு வைங்க’ எனக்குப் பழகிப்போன தொல்லை. நம்மவர்கள் சினிமாவுக்குத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல விமானத்திலும் பிடிக்கச் சொல்வார்கள். பணம் கட்ட மாலை ஐந்து மணிவரை அவகாசம் இருந்தது.

“இல்லையே,” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வீட்டுக்காரரின் முகம் கண்முன் வந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அவள் தன் மேஜையில் உட்கார்ந்து பிரிஸ்பேன் வழியாக, இரண்டு ராத்திரி அங்கே தங்கி, ஞாயிறு மதியம் போய்ச் சேருகிற டிக்கெட்டைத் தனக்குத்தானே போட்டுக்கொண்டாள். நான் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்று மணிக்கு அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். “வழியில் பார்த்துப் போ,” என்று வேறு சொன்னேன்.

நாலரைக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். “ஃபிஜி வேண்டாம் தம்பி. பசங்க கோல்டு கோஸ்ட்டுங்கறாங்க, அங்கதான் ரைடெல்லாம் இருக்காம். அடுத்த வாரம் போட்டுடுங்க. மத்தியானம் நீங்க கூப்டப்போ தூங்கிட்டேன்.” போனை அவர் வாய்க்குள்ளேயே திணிக்க வேண்டும்போல இருந்தது. “சரிங்கண்ணா,” என்றேன்.

அப்போதும் அவள் விமான நிலையத்தில்தான் இருந்தாள். ஒரு போன் போட்டிருந்தால் திரும்பி வந்திருப்பாள். போட்டால், காலையில் நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அவளுடைய அப்பாவைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. நாலு சீட்டையும் பத்து நிமிடத்தில் ஒரு குடும்பத்துக்கு விற்றேன். பவளக் கடற்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லியே விற்றேன்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். மகள் வரட்டும் என்று உடலை வைத்திருந்தார்களாம். எல்லாரும் போய்க் கையைப் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். மதியம்வரை அவள் தேங்கிய கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அலுவலகத்தில் யார் எந்த சீட்டை எப்போது பிடித்தார்கள், எப்போது விட்டார்கள் என்பது கணினியில் எல்லாருக்கும் தெரியும். அது எனக்கும் தெரிந்ததுதான். இரண்டு வாரமாக அதை நினைக்காமல் இருந்து பழகியிருந்தேன்.

நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

“அந்த சனிக்கிழமை விமானம் அங்கே எத்தனை மணிக்கு இறங்கும்?”

திரையைப் பார்க்காமலே சொல்ல முடியும். “பத்தே காலுக்கு,” என்றேன்.

“ஞாயிற்றுக்கிழமை விடியறவரைக்கும் அப்பா பேசிட்டு இருந்தார்,” என்றாள்.